திருநாள் முடிந்து வா என்றேன்

அன்பு மகன் அருளப்பனுக்கு,

இது யாருடைய கையெழுத்து என்று திகைத்து, தாளைப் புரட்டி அடியில் பெயரைத் தேடியிருப்பாய். தேட வேண்டாம், அப்பாதான். யாரையும் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ரூல் போட்ட தாள்தான் வாங்கினேன். இருந்தும் என் வரிகள் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறுகின்றன. முப்பது வருடம் வாட்டில் மரத்தில் பட்டை உரித்த கை இது. கத்தியைப் பிடிக்கிற பிடியிலேயே பேனாவையும் பிடிக்கிறது. அதனால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது, அதையும் மன்னித்துக்கொள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் எழுத முடிகிறது. காலைப் பூசை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்காருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மூடுபனி வந்து வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும்வரை எழுதுகிறேன். விரல் வலிக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வைத்திருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை.

நான் முதன்முதலாக வாசித்த சொல் 'புளி'. காதர் பாய் கடையில், தகர டின்னின் மேல் ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் அந்த டின்னை மூக்கால்தான் அடையாளம் கண்டிருக்கிறேன். அன்றைக்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டி 'பு... ளி' என்று சொன்னபோது நாக்கில் எச்சில் ஊறியது. பாய் சிரித்துவிட்டு, "என்னண்ணே, எழுத்துலயே புளிச்சிருச்சா" என்றார். அதன்பிறகு கடைத்தெருவில் நடக்கவே முடியவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்றுவிடுகிறேன். பஸ்ஸின் நெற்றியில் 'வத்தலக்குண்டு' என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, எனக்கு ஒரு சோலியும் இல்லாத அந்த பஸ்ஸை அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தைக்குப் போகிற வழியில், நான் சாய்ந்து நின்று வெற்றிலை துப்புகிற ஒரு சுவர் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் 'இங்கே துப்பாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. எத்தனை வருடமாக எழுதியிருக்கிறதோ. கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். உன் அம்மாவின் சிலுவையில், பத்து வயதில் நீ தாரைத் தொட்டு எழுதிவைத்த பெயரை முதல் தடவையாக வாசித்தேன். ஞானம்மா. உன் எழுத்தும் அப்போது கோணல்தான், மகனே. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருக்கிறாய். விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எதற்காக இந்த வயதில் படித்தேன் என்று கேட்பாய். சொல்கிறேன். போன வருடம் ஆகமன காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உனக்குத் தெரியும், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தைய இந்த நான்கு வார ஆகமன காலத்தை நான் ஒரு நாளும் லேசாக எடுத்துக்கொண்டவன் இல்லை. பீடத்தில் ஊதாத் துணி விரித்த நாளிலிருந்து நம் வீட்டில் இறைச்சி இல்லை, வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி, பாட்டு இல்லை, விருந்து இல்லை. சோலைக்குள் போய் மரத்தின் பாசியை உரித்து வந்து கோயிலில் சேசு பாலனுக்குக் குடில் கட்டுவது எப்போதும் நான்தான். அதையெல்லாம் சாமியாரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் இங்கு புதிதாக வந்தவர், சின்ன வயது. "பெரியவரே, இதெல்லாம் பாவம் இல்லையே. பாவத்தைச் சொல்லுங்க" என்றார். அப்புறம்தான் அந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அதை உனக்கும் சொல்ல வேண்டும். சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். அதில் நீ நெய்வேலியிலிருந்து எனக்கு எழுதிய நான்கு நீலக் கடிதங்கள் இருக்கின்றன. வந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறேன். நான்கையும் நான் பிரிக்கவில்லை. நீ முதலில் வேலைக்குப் போனபோது எழுதிய கடிதங்களையெல்லாம் காதர் பாய்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார். நம் சண்டைக்குப் பிறகு வந்தவற்றை அவரிடம் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தது. நம் வீட்டுப் பிளவு அவர் வாயில் ஏறி வெளியே வருவதை என்னால் கேட்டிருக்க முடியாது. முதல் கடிதம் வந்தபோது கோபம், அதனால் பிரிக்கவில்லை. இரண்டாவது வந்தபோது, முதலாவதைப் பிரிக்காத வெட்கம். அப்படியே நான்கு சேர்ந்துவிட்டன. பாய் விடுவாரா? "தபால்காரர் நீல லெட்டர் குடுத்ததைப் பாத்தேனே. தம்பி எப்படி இருக்காம்ணே?" என்பார். "நல்லாருக்கான்" என்பேன். நீ நல்லா இருக்கிறாயா என்று தெரியாமலேயே நான்கு வருடம் அந்தப் பதிலைச் சொன்னேன்.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். "வேற ஆளை விட்டு வாசிக்கச் சொல்லலாமே" என்றார். "கூச்சமா இருக்கு சாமி" என்றேன். "அப்பச் சரி. நீங்களே எழுத்துப் படிச்சுக்கங்க, அடுத்த ஆகமனத்துக்குள்ள. அதுதான் உங்களுக்கு அபராதம்." நான் பதறிப்போனேன். "ஜெபம் ஏதாவது குடுங்க சாமி. ஐம்பத்துமூணு மணி ஜெபமாலைன்னாலும் நாப்பது நாள் சொல்லிருவேன்" என்று கெஞ்சினேன். "அது உங்களுக்குச் சுலபமா வருமே பெரியவரே" என்றார். மறுநாள் வெள்ளனே பாய் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எழுத்துச் சொல்லித்தரச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மகனே. "நான் வாசிச்சா அது கடைத்தெரு வாசிச்ச மாதிரிண்ணே. நீங்களே வாசிங்க, அதுதான் மரியாதை" என்று மட்டும் சொன்னார். பொட்டலம் கட்டுகிற காகிதம்தான் எனக்குப் பாடப்புத்தகம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும். அது ஆகமனத்தின் இரண்டாவது வாரம். நான் வாசலில் உட்கார்ந்து குடிலுக்கான பாசியைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். நீ பத்து நாள் லீவில் வந்திருந்தாய். பெருமாள்மலையில் நீ கட்டிக்கொள்ள விரும்பிய பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு, மழையில் நனைந்து, என் முன்னால் வந்து நின்றாய். "அப்பா, பாக்கியத்தோட அப்பாவுக்குக் காசம் முத்திப்போச்சு. படுக்கையிலயே கெடக்காரு. அவரு கண்ணை மூடுறதுக்குள்ள கல்யாணத்தைப் பாக்கணும்னு சொல்றாரு" என்றாய். நான் பாசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆகமன காலத்துல கல்யாணப் பேச்சா? யாருட்ட வந்து என்ன பேசுற?" என்றேன். "சாமியார்ட்டக் கேட்டேன்பா. ஆடம்பரம் இல்லாம கல்யாணத்தை மந்திரிச்சு வைக்கலாமாம். நீங்க சரின்னு வந்து நின்னாப் போதும்னாரு." அதற்கு நான் சொன்ன பதிலை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன். "சாமியாருக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும். ஆகமனம்னா ஆகமனம்தான். திருநாள் முடிஞ்சு வா, பேசலாம்." உன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே வந்து துவட்டிக்கொள் என்றுகூட நான் சொல்லவில்லை. "சரிப்பா. திருநாள் முடிஞ்சு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். அதன்பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

நீ என் பேச்சை மீறவில்லை. நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டு போய் அந்த வாரமே கட்டிக்கொண்டிருப்பாய், என்னை ஒதுக்கிவிட்டாய் என்று இத்தனை வருடம் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். இந்த வருடம் ஆகமனத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, முதல் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பாக்கியத்தின் அப்பா திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் நடக்கவில்லை, நீ எனக்காகக் காத்திருந்தாய். பிறகு கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: 'திருநாள் முடிந்து வரச் சொன்னீர்கள். பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் உங்களுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.' இதை வாசித்ததும், தப்பாக வாசிக்கிறேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். நான்கு தடவை கூட்டியும் அதேதான் வந்தது. நீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் அந்தக் கேள்வியை டப்பாவுக்குள் மூடி, அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, தினமும் ஜெபம் செய்திருக்கிறேன்.

உண்மையை முழுவதும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பியது ஆகமனம் இல்லை. நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பே பெருமாள்மலை டீக்கடையில் விசாரித்துவைத்திருந்தேன். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்றும், நம் ஆட்கள் இல்லை என்றும் சொன்னார்கள். கீழே நம் சொந்த ஊர்க் கோயிலில் நாம் ஒரு பக்கமும் அவர்களுடைய சாதிக்காரர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்ததை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். ஏன் என்று நீ கேட்டதற்கு உன் வாயைப் பொத்தியவன் நான். அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். ஊதாத் துணி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நீ சித்திரை மாதத்தில் வந்திருந்தால் வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். அந்த வருடம் கட்டிய குடிலை எல்லோரும் புகழ்ந்தார்கள், இப்படி ஒரு குடில் அமைந்ததே இல்லை என்றார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. தங்க இடம் கேட்டு வந்த மாதாவுக்கும் சூசையப்பருக்கும் பாசியால் வீடு கட்டிக்கொண்டே, கேட்டு வந்த உன்னைப் போகச் சொல்லியிருக்கிறேன். மகள் கல்யாணத்தைப் பார்க்கக் கேட்ட பாக்கியத்தின் அப்பாவையும் அது நடக்காமலே சாகவிட்டேன். பாக்கியத்திடம் நான் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனாலும் இந்த இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. மழுப்பாமல் வாசி.

இப்போது லத்தீன் போய்ப் பூசை தமிழில் நடக்கிறது. போன ஞாயிறு சாமியார் ஆண்டவர் வருகிற வழியைச் செம்மையாக்குவது பற்றிப் பிரசங்கம் வைத்தார். இங்கே வழி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் கண்ணில் வரும். போன மாதம் மழையில் மண் சரிந்து பஸ் இரண்டு நாள் வரவில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் போய் அள்ளினார்கள். நான் கோயிலில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரிந்த மண்ணை அள்ள ஆள் வருவார்கள். நானே உருட்டிவிட்ட கல்லை நான்தான் தள்ள வேண்டும். கல்லைப் பாதையில் போட்டுவிட்டு, கீழே பார்த்து, இன்னும் வரக் காணோமே என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவன். இருந்தாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒருசந்தி இரு, இறைச்சியை ஒதுக்கு, எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆகமன காலத்தில் யாராவது உன் வாசலில் வந்து நின்றால், முதலில் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார். நான் அன்றைக்குப் பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்து மதர், ஆகமன காலத்தில் ஆசையை அடக்குகிற ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் ஒரு வைக்கோல் சேர்த்துவைத்தால் சேசு பாலனுக்கு மெத்தையாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ ஒரு அட்டைப்பெட்டியை மூலையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுவந்தாய். ஒரு நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வைக்கோல் கிடந்தது. "இது யாருக்குலே?" என்றேன். "உங்களுக்குப்பா. இன்னைக்கு நீங்க என்னைய வையல." "நான் வையாததுக்கு நீ எதுக்குலே வைக்கோல் போடுற?" "நீங்க மறந்துருவீங்கல்ல." திருநாள் அன்றைக்கு எண்ணிப் பார்த்தால் என் கணக்கில் மூன்றுதான் சேர்ந்திருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "மூணா? அப்பச் சேசு பாலன் பாதி உடம்பு தரையிலதான் படுக்கணும்" என்றாள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். உனக்கோ அழுகை வந்துவிட்டது. உன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து என் பங்கில் வைத்தாய். இந்த வருடம் அதே மூலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதி முடிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வைக்கோல் போடுகிறேன். இனி என் பங்கை நானே போட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா.

இன்னும் மூன்று கடிதங்கள் பிரிக்காமல் இருக்கின்றன. ஏன் பிரிக்கவில்லை என்று நீ கோபப்படுவாய். முதல் கடிதத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்ததைத் திறக்க எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்றுதான். வாசிப்பது, பதில் எழுதுவது, பிறகு அடுத்தது. ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்துவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது கடிதத்தில் எழுத்துக்கு நடுவே ஏதோ கோடு தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கை, மகனே. யாரோ ஒரு சின்னக் கையைத் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். ஐந்து விரலும் விரிந்து கிடக்கிறது. என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அது ஆணா பெண்ணா, பெயர் என்ன, இப்போது நடக்கிறதா, ஓடுகிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பிரித்தால் தெரிந்துவிடும், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் மேலே எழுதியதையெல்லாம் எழுதாமல் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் டப்பாவில் திரும்ப வைத்துவிட்டேன். ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அறுபது ஆகமனம் கழித்து இப்போதுதான் தெரிகிறது.

பாய்க்கும் இந்த வருடம் நோன்பு, என் ஆகமனம் தொடங்கிய அதே வாரத்தில் தொடங்கியது. வாய் வறண்டுபோய் உட்கார்ந்திருப்பார், இருந்தாலும் நான் கொண்டுபோகிற தாளைப் பிழை பார்க்கத் தயாராகக் கண்ணாடியை எடுப்பார். இந்தக் கடிதத்தை மட்டும் காட்டவில்லை. "உங்களுக்குத் தேதி முன்னாடியே தெரியும்ணே. நாங்க பிறை பாக்கணும். இந்த மூடுபனியில வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னு பாருங்க, காத்திருக்கிறதுன்னா என்னன்னு தெரியும்" என்றார். நான் காத்திருக்கிறவன் வருகிற தேதி எனக்கும் தெரியாது பாய் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது. உறையை வாங்கும்போது, "விலாசத்தை நான் எழுதட்டுமாண்ணே? தபால்காரன் வாசிக்கணும்ல" என்று கிண்டல் செய்தார். நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். உன் நான்கு கடிதத்தின் பின்பக்கத்திலும் அதே விலாசம்தான் இருக்கிறது. ஆனால் கடைசிக் கடிதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்பதுகூட எனக்குத் தெரியாது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வா. அந்தச் சின்னக் கையையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. இந்த ஒரு எழுத்தைத்தான் நான் வருடம் முழுவதும் எழுதிப் பழகினேன், பார், இதுமட்டும் கோணாமல் வந்திருக்கிறது. திருநாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆகமனத்திலேயே வா. மழை பெய்தாலும் வா, துவட்டிக்கொள்ளத் துண்டை வாசல் கொடியிலேயே போட்டுவைத்திருக்கிறேன்.

நாளை காலை இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து இரண்டாவது கடிதத்தைப் பிரிப்பேன். அதில் நீ என்ன கேட்டிருந்தாலும் அடுத்த வாரம் பதில் எழுதுவேன். அதற்கு முன்னால் நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டால் எழுத வேண்டியதில்லை. மீதிக் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருப்பேன். நீ என் பக்கத்தில் உட்கார், பிள்ளையை என் மடியில் விடு. நீ எழுதியதை உனக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், தப்பு வந்தால் திருத்து.

உன் அப்பா